உடம்பு எழுதி வைத்த கணக்கு

சரித்திரம் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவன அரசர் பெயர்களும், அவர் வென்ற போர்களும், கோயிற் சுவர்களில் வெட்டிய கல்வெட்டுக்களுமேயாம். கல்லில் எழுதுவிக்கப் பொருளும், ஏட்டில் எழுதுவிக்கப் புலவரும் உடையவர்க்கே சரித்திரம் உண்டு என்பது நெடுநாளைய வழக்கமாய்விட்டது. அங்ஙனமாயின், கல்லும் ஏடும் இல்லாத ஏழை மக்களுக்குச் சரித்திரமே இல்லையா? பேராக் மாநிலத்தின் பால்மரத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்து மடிந்த நம் முன்னோர்க்கு எஞ்சி நிற்கும் சாட்சியம் யாது? இக்கேள்வியே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டிற்று.

நாம் தோட்டக் காரியாலயத்தில் கணக்கெழுதிப் பிழைக்கின்றோம். காலைப் பெரட்டில் பேர் பதிவதும், இன்னார் இத்தனை நாள் வேலைக்கு வந்தார், இவ்வளவு கூலி பெற்றார், இவ்வளவு பிடித்தம் என்று செக்ரோலில் ஏற்றுவதுமே நமது தொழில். இக்காலத்தில் அந்தப் புத்தகம் கணினிக்குள் புகுந்துவிட்டது. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கின்றது. ஆயினும் கணக்கின் தன்மை மாறவில்லை. அதில் பேர் உண்டு, நாள் உண்டு, கூலி உண்டு. அம்மனிதர் என்ன உண்டார், பிள்ளைப் பருவத்தில் எவ்விடத்துத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தார், எத்தனை நாள் பசியோடு படுத்தார் என்பது அதில் இல்லை. அப்புத்தகங்களாவது நிலைத்தனவா என்றால் அதுவும் இல்லை. நாம் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டம் கைமாறியபோது, ஸ்டோர் மூலையில் கிடந்த பழைய செக்ரோல்களில் கறையான் தின்றது போக எஞ்சியவற்றைக் குப்பையோடு போட்டுக் கொளுத்தினார்கள். நாமும் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்று நமக்கு வாய் திறக்கத் தோன்றவில்லை.

நிற்க. கறையானுக்கும் நெருப்புக்கும் எளிதில் அகப்படாத வேறொரு கணக்கு உண்டு என்பதைப் பின்னர் நூல்களில் படித்து அறிந்தோம். அதை எழுதுவது கிராணியும் அல்ல, கங்காணியும் அல்ல, துரையும் அல்ல. மனிதனுடைய உடம்பே அதை எழுதிக்கொள்கின்றது. உண்ட சோறும் குடித்த நீரும் பல்லிலும் எலும்பிலும் மயிரிலும் தம் அடையாளத்தை விட்டுச் செல்கின்றன. அவ்வடையாளத்தைப் படிக்கும் வித்தையைச் சென்ற நூற்றாண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

அதன் அடிப்படை இதுவாகும். நமது உடம்பில் கரி, ஹைட்ரஜன், பிராணவாயு, நைட்ரஜன் என்னும் மூலகங்களே பெரும்பகுதி. ஒரு மூலகத்தின் அணுக்கள் யாவும் ஒரே எடையுடையன என்றே முன்பு கருதப்பட்டது. அது தவறு என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெரியவந்தது. குணத்தால் ஒன்றாயும் எடையால் வேறாயும் உள்ள அணுக்களுக்கு 1913-ம் வருஷத்தில் பிரெடரிக் சாடி என்னும் ஆங்கில விஞ்ஞானி ஐசோடோப்பு என்ற பெயரை வழங்கினார். மூலகங்களின் அட்டவணையில் ஒரே இடத்தில் அமர்வன என்பது அதன் பொருள். தமிழில் ஓரிடத்தனிமம் என்பர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் முகத்தாலும் குணத்தாலும் ஒத்திருக்க, ஒருவன் மட்டும் சற்றுக் கனத்தவனாய் இருப்பது போல என்று கொள்க. கரியணு நூறில் ஏறக்குறைய 99 இலேசானவை. எஞ்சிய ஒன்று கனத்தது. பிராணவாயுவில் ஆயிரத்துக்கு இரண்டே கனத்தவை. கனத்த ஹைட்ரஜனை 1931-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஹரால்டு யூரி என்பார் கண்டறிந்து, 1934-ல் நோபல் பரிசு பெற்றார். காலப்போக்கில் சிதைந்து மறையும் ஐசோடோப்புக்களும் உண்டு. ஈண்டு நாம் பேசுவன அவையல்ல. இவை நிலையானவை. ஆயிரம் வருஷம் கழிந்தாலும் இலேசானது இலேசாகவும் கனத்தது கனத்ததாகவுமே நிற்கும்.

இனி உணவுக்கு வருவோம். செடிகள் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு வளர்கின்றன. அப்போது அவை இலேசான கரியையே மிகுதியாக ஏற்றுக் கனத்ததை ஒதுக்குகின்றன. ஆனால் எல்லாச் செடிகளும் ஒரே அளவில் ஒதுக்குவதில்லை. நெல், கோதுமை, மரவள்ளி, வாழை, பால்மரம், காட்டு மரங்கள் ஆகியவை கனத்த கரியை மிகுதியும் ஒதுக்குவன. கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, வரகு, சாமை, மக்காச்சோளம், கரும்பு ஆகியவை குறைவாக ஒதுக்குவன. நம் தோட்டங்களில் மண்வெட்டிக்கும் மருந்துக்கும் அடங்காத லாலான் புல்லும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே. இவ்வகைச் செடிகள் கரியை ஏற்கும் வழி தனியானது என்பதை 1966-ம் வருஷத்தில் ஹாட்ச், ஸ்லாக் என்னும் இருவர் ஆஸ்திரேலியாவில் கரும்பைக் கொண்டு விளக்கினார்கள். விஞ்ஞானிகள் வகுத்த பொது அளவுகோல் ஒன்றோடு ஒப்பிட்டால், கனத்த கரியின் விகிதம் முதல் வகையில் ஆயிரத்துக்கு 27 பங்கு அளவும், இரண்டாம் வகையில் 12 அல்லது 13 பங்கு அளவும் குறைந்து காணும். வேற்றுமை சிறிதாயினும், அணுவின் எடையைப் பிரித்தறியும் கருவிக்கு அது நன்றாய் விளங்கும்.

செடியைத் தின்ற பிராணிக்குச் செடியின் அடையாளம் வந்து சேரும். டிநீரோ, எப்ஸ்டைன் என்னும் இரு விஞ்ஞானிகள் கலிபோர்னியாவில் எலி, ஈ, நத்தை முதலியவற்றை இன்ன உணவென்று வரையறுத்து வளர்த்துச் சோதித்து, கரியைப் பற்றி 1978-லும் நைட்ரஜனைப் பற்றி 1981-லும் இதை நிலைநாட்டினார்கள். கரி ஏறக்குறைய உணவில் இருந்தபடியே உடம்பில் படிகின்றது. நைட்ரஜனோ, தின்னப்படுவதிலிருந்து தின்பதற்கு ஒவ்வொரு படி ஏறும்போதும் ஆயிரத்துக்கு 3 அல்லது 4 பங்கு கனம் கூடுகின்றது. ஆகவே புல்லைவிட ஆடும், ஆட்டைவிடப் புலியும் உயர்ந்த கணக்குடையன. தாய்ப்பால் உண்ணும் சிசு தன் தாயைவிட ஒரு படி மேலே நிற்கும். பால் மறக்க மறக்க அந்தப் படியிலிருந்து இறங்கிவரும். ஏழைத் தாயொருத்தி தன் பிள்ளைக்கு எவ்வளவு காலம் பால் கொடுத்தாள் என்பதும் இவ்வாறு பிள்ளையின் பல்லில் பதிந்துவிடுகின்றது.

தண்ணீருக்கும் கணக்குண்டு. மேகம் கடலை விட்டு உள்நாட்டுக்குள் செல்லச் செல்ல, மலைமேல் ஏற ஏற, கனத்த நீர் முந்திப் பொழிந்துவிடும், எஞ்சியது இலேசாகும். வெயிலில் வற்றும் ஏரியிலோ இலேசான நீர் முந்தி ஆவியாக, கனத்த நீர் தங்கிவிடும். ஆகவே மலையருவி நீரைக் குடித்தவன் உடம்பும், கோடையில் பாதி வற்றிய ஏரி நீரைக் குடித்தவன் உடம்பும் ஒன்றாய் இரா. அமெரிக்காவில் பல ஊர்களில் சேகரித்த மனித மயிரை ஆராய்ந்து, அதிலுள்ள ஹைட்ரஜனும் பிராணவாயுவும் அவ்வவ்வூர்க் குடிநீரோடு தொடர்புடையன என்று 2008-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள்.

இக்கணக்குக்கு மூன்று புத்தகங்கள் உண்டென்று கிராணிப் பாஷையில் சொல்லலாம். மயிர் தினக்குறிப்பு, அது மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால் சென்ற சில மாதங்களைச் சொல்லும். எலும்பு பேரேடு, அது மெல்ல மெல்லப் புதுப்பிக்கப்படுவதால் பல வருஷங்களின் சராசரியைச் சொல்லும். பல்லின் மேற்பூச்சோ பிள்ளைப் பருவத்தில் எழுதி முத்திரையிட்ட பத்திரம். ஒருமுறை உருவானபின் அது புதுப்பிக்கப்படுவதில்லை. எழுபது வயதிலும் ஏழு வயதின் சாட்சியாகவே நிற்கும்.

இவையெல்லாம் மேனாட்டுச் செய்தி, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். தைப்பூசத்துக்குப் பேராக்கிலிருந்து பத்துமலைக்குச் செல்லாத தமிழ்க் குடும்பம் அரிது. அந்த மலைக் குகைகளில் வௌவால்களின் எச்சம் காலங்காலமாகக் குவிந்து கிடக்கின்றது. முற்காலத்தில் அதைத் தோட்டக்காரர்கள் உரத்துக்காக வெட்டிச் சென்றார்கள். அதையே வர்ஸ்டர் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டத்தாரும் ஆழத்திலிருந்து படிப்படியாக எடுத்துச் சோதித்து 2010-ம் வருஷத்தில் முடிவை வெளியிட்டார்கள். இலையையும் புல்லையும் பூச்சி தின்கின்றது. பூச்சியை வௌவால் தின்கின்றது. வௌவாலின் எச்சத்தில் அந்தக் கரி வந்து படிகின்றது. அடியிலிருந்த பழைய எச்சத்தில் புல்லின் கரி மிகுந்திருந்தது. உலகம் குளிர்ந்து, கடல் இப்போதையதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்து, மலாக்கா நீரிணை நிலமாயிருந்த காலம் அது. ஏறக்குறைய 20,000 வருஷங்களுக்கு முன் பத்துமலையைச் சுற்றிலும் இன்று நாம் நினைக்கும் பெருங்காடு இல்லை. வெளிகளும் புல்லும் விரவிய நிலமே இருந்தது என்று இதனால் அறிகின்றோம். அக்காலத்து மனிதன் எழுதி வைக்காத சங்கதியை வௌவால் எழுதி வைத்திருக்கின்றது!

நம் கிந்தாப் பள்ளத்தாக்கும் இவ்வகையில் வறியதன்று. ஈப்போவுக்கு அருகே ஈயம் தோண்டிய சுண்ணாம்புக் குகையொன்றில் அகப்பட்ட பழம்பிராணிகளின் எச்சங்களை ஹோய்ஜர் என்னும் டச்சு அறிஞர் 1960-களின் தொடக்கத்தில் விவரித்தார். அவற்றுள் நீர்யானையும் இருந்தது. இன்று இந்நாட்டுக் காடுகளில் நீர்யானை ஏது? இத்தகைய பிராணிகளின் பற்கள் தென்கிழக்காசியாவில் பல இடங்களில் கிடைத்துள்ளன. அவற்றின் கரியையும் பிராணவாயுவையும் ஆராய்ந்து 2020-ம் வருஷத்தில் வெளியிட்ட முடிவு கருதத்தக்கது. புல்வெளி பரந்த காலத்தில் புல் தின்னும் பெரும் பிராணிகள் செழித்தன. அடர்ந்த காடு மீண்டும் மூடிக்கொண்டபோது அவற்றுள் பல அழிந்தன. சோறு மாறிய இடத்தில் வாழ்வும் மாறியது.

கண்ணால் கண்டதைவிட இக்கணக்கு நம்பத்தக்கது என்பதற்கு யானையே சாட்சி. தென்னிந்தியக் காட்டு யானைகளை ஆராய்ந்த இராமன் சுகுமார் என்னும் அறிஞர், 1987-லும் 1992-லும் தம் தோழர்களோடு யானைகளின் உடற்பொருளில் உள்ள கரியை அளந்து வெளியிட்டார். யானை நெடுநேரம் புல் மேய்வதைக் காண்போர் புல்லே அதன் உடம்பை வளர்க்கின்றது என்று எண்ணுவர். வளர்ந்த யானைகளின் எலும்போ, தன் கரியில் பெரும்பங்கு மரம் செடிகளிலிருந்து வந்ததென்று காட்டிற்று. வாய்க்குள் போவது வேறு, உடம்பில் ஒட்டுவது வேறு.

மனிதனைப் பற்றியும் இவ்வாறே. லெங்கோங் பள்ளத்தாக்கின் குனோங் ருந்தோ குகையில் கண்டெடுத்த பேராக் மனிதன் ஏறக்குறைய 10,000 வருஷங்களுக்கு முற்பட்டவன். இலங்கையின் குகைகளில் கிடைத்த பழமக்கள் 26 பேரின் பற்களை ஆராய்ந்து 2015-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். அடர்ந்த மழைக்காட்டில் உழவில்லாமல் மனிதன் நிலைத்து வாழ இயலாது என்பது பல அறிஞரின் கொள்கையாயிருந்தது. அப்பற்களோ, ஏறக்குறைய 20,000 வருஷங்களுக்கு முன்பே காட்டுணவைக் கொண்டு மக்கள் வாழ்ந்ததை மெய்ப்பித்தன. காட்டில் வாழ்வோரை அறிவிலிகள் என்று இகழ்வார்க்கு இது நல்ல விடையாகும்.

ஆயினும் நம் உள்ளத்தைப் பெரிதும் உருக்கிய ஆராய்ச்சி அயர்லாந்தைச் சேர்ந்ததேயாம். 1845-ம் வருஷம் முதல் அந்நாட்டில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து கொடிய பஞ்சம் உண்டாயிற்று. கில்கென்னி என்னும் ஊரின் ஏழைகள் விடுதியில் மாண்டவர்களை 1847 முதல் 1851 வரை அங்கேயே குழிகளில் அடக்கம் செய்தார்கள். அவ்விடம் 2005-ல் வெளிப்பட்டது. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் எலும்புகள் கிடைத்தன. அவர்களுள் சிலருடைய எலும்பையும் பல்லையும் ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். உருளைக்கிழங்கு நெல்லைப் போன்ற வகை. பஞ்ச நிவாரணமாக அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோளமோ கேழ்வரகைப் போன்ற வகை. பல் வளர்ந்த படிவரிசையில், கிழங்கின் கணக்கு நின்று மக்காச்சோளத்தின் கணக்கு தொடங்கும் இடம் தெரிந்தது. அதற்கு முன் நைட்ரஜன் கனம் ஏறியிருந்தது. அஃதேன்? உண்ண ஒன்றும் இல்லாதபோது உடம்பு தன் தசையையே கரைத்து உண்கின்றது. தன்னைத் தானே தின்பதால் ஒரு படி ஏறிவிடுகின்றது. பசி எழுதிய எழுத்து இது. அக்குழிகளில் கிடந்த ஏழைகளின் பசியை நூற்றறுபது வருஷத்துக்குப் பின் உலகம் வாசித்தது.

இனி நம்மவருக்கு வருவோம். 1877-ம் வருஷத்தில் கோலக்கங்சாரில் பால்மரக் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் தோட்டங்கள் பெருகின. ஒப்பந்தக் கூலிகளாயும், 1910-ம் வருஷத்தோடு அம்முறை ஒழிந்தபின் கங்காணி மூலமாயும் தமிழ் மக்கள் வந்தார்கள். 1938-ல் இந்திய அரசாங்கம் கூலிகளை அனுப்புவதை நிறுத்தும்வரை இது நடந்தது. திருச்சிராப்பள்ளி, தஞ்சை, சேலம், வடஆர்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்தே பெரும்பாலோர் வந்தனர். சேலம் முதலிய வறண்ட சீமைகளில் ஏழையின் உணவு கேழ்வரகும் கம்பும் சோளமுமே. அரிசிச் சோறு பண்டிகைக்கு உரியது. இங்கு வந்தபின் அவர்கள் உண்டது பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி. ஆகவே அவ்வழி வந்த ஒருவரின் பல்லில் கேழ்வரகின் கணக்கும் எலும்பில் அரிசியின் கணக்கும் இருத்தல் வேண்டும். அவர் பிள்ளை இந்நாட்டில் பிறந்திருந்தால், அப்பிள்ளையின் பல்லிலும் எலும்பிலும் அரிசியே இருக்கும். கடல் கடந்த கதை முழுவதும் ஒரே குடும்பத்தின் இரண்டு பற்களில் அடங்கிவிடுகின்றது.

ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான காலத்தில் அரிசி வரவு குன்றி, மரவள்ளிக்கிழங்கே உயிர் காத்தது என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். மரவள்ளியும் அரிசியும் ஒரே வகையாதலால் கரி அம்மாறுதலைக் காட்டாது. ஆனால் பசி தன் எழுத்தை நைட்ரஜனில் எழுதியிருக்கும். சயாம் ரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டுக் காட்டில் மாண்ட தோட்டத் தமிழர் பதினாயிரக்கணக்கானவர். அவர்களுள் மிகப் பலர்க்குப் பேர் எழுதிய கல்லும் இல்லை.

இக்கணக்கையும் அளவறிந்தே நம்பவேண்டும். இது ஊர்ப் பெயரைச் சொல்லாது; இன்ன வகை உணவு, இன்ன தன்மையுள்ள நீர் என்று மட்டுமே சொல்லும். நம் நாட்டுச் செம்மண்ணின் புளிப்பில் எலும்பு கரைந்துபோகும். பல்லின் பூச்சே நெடுநாள் தாங்கும். இன்னொன்றையும் இது சொல்லாது. இவர் மேற்சாதி, இவர் கீழ்ச்சாதி என்னும் எழுத்து எந்த எலும்பிலும் இல்லை. நெல்லுண்டவன் நெல்லைக் காட்டுவான், கேழ்வரகுண்டவன் கேழ்வரகைக் காட்டுவான், பட்டினி கிடந்தவன் பட்டினியைக் காட்டுவான். அவ்வளவே. மனிதரை மனிதர் தாழ்த்த எழுதிய பொய்க் கணக்கை உடம்பு என்றும் ஏற்றுக்கொண்டதில்லை.

நமது கொள்ளுப்பாட்டியார் சேலம் ஜில்லாவிலிருந்து சிறுமியாய் வந்தவர் என்று வீட்டில் சொல்வர். எந்த ஊர் என்பது இன்று ஒருவருக்கும் தெரியாது. சாகும்வரை கேழ்வரகுக் களிக்கு ஏங்கினார் என்பது மட்டும் நினைவில் நிற்கின்றது. அவரை அடக்கம் செய்த தோட்டத்து இடுகாட்டில் இப்போது செடி மண்டிக் கிடக்கின்றது. வீடுகள் கட்ட அந்நிலத்தை வெட்டப்போவதாகப் பேச்சு நடக்கின்றது. முன்னோர் எலும்பைத் தோண்டி ஆராயுங்கள் என்று நாம் சொல்லவரவில்லை. மண் வாரும் இயந்திரம் வருமுன் அவர்களுக்குரிய மரியாதை செய்து, எத்தனை பேர், எவ்விடம் என்று எழுதி வைத்து, எச்சங்களைத் தக்க இடத்தில் சேர்க்க வேண்டும் என்றே கேட்கின்றோம்.

நேயர்களே, உங்கள் வீட்டில் முதியவர் இருந்தால் இன்றே அருகில் அமர்ந்து கேளுங்கள். சிறுவயதில் என்ன கூழ் குடித்தீர்கள், கிணற்று நீரா, ஆற்று நீரா, எந்த வருஷம் பட்டினி கிடந்தீர்கள், உங்கள் தாயார் எந்த ஊர் என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பழைய செக்ரோல் எங்கேனும் அகப்பட்டால் நெருப்புக்குக் கொடாதீர்கள். அன்று கொளுத்தும்போது வாய் மூடி நின்ற நாம், இன்று இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோம்.